பதின்மூன்றா, பதினைந்தா?

சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு தஞ்சாவூரிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் என் மனைவியும் மட்டும். அவளுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும். திருவையாறு தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கி, திருமானூரில் ஏலாக்குறிச்சிப் பக்கம் திரும்பும்வரை ஒரு குறையும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. சாலையில் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தேன். அதற்கடியில் பள்ளம் இருக்கும் என்று தோன்றவில்லை. இடது முன்சக்கரம் 'டங்' என்று விழுந்து எழுந்தது.

பின் இருக்கையில் அவள் "அம்மா" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் அந்தச் சக்கரம் தரையோடு அமுங்கிக் கிடந்தது. காற்றடித்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு, "டயர்ல ஒண்ணும் இல்ல சார். டிஸ்க்கு ஓரம் வளைஞ்சிருக்கு. அது வழியாக் காத்து இறங்குது. தட்டித் தரேன். ஆனா இது மூணாவது தடவை. உள்பக்கம் துருவும் பிடிச்சிருக்கு" என்றான். பிறகு டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினான். 3118. அதாவது 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரம் செய்த டயர். "பட்டன் இருக்கு, ஆனா ரப்பர் செத்துப்போச்சு. நாலையும் மாத்திடுங்க."

எங்கள் கார் சான்ட்ரோ ஜிங். நான் ஓய்வுபெற்ற 2009இல் கிராஜுவிட்டி பணத்தில் வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. அந்த மாடல் 2014 கடைசியோடு நின்றுபோனது. பதினைந்து ஆண்டு முடிந்து, பசுமை வரி கட்டி, ஆய்வுக்குக் காட்டி, இன்னும் ஐந்து ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். அந்த ஐந்து ஆண்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவளுக்கு அந்த வேடிக்கை பிடிக்காது.

ஆக, நான்கு டயரும் நான்கு டிஸ்க்கும் மாற்ற வேண்டும். இது என் பேரன் காதுக்குப் போனது. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது அவனுக்கு.

"தாத்தா, நீங்க ஒண்ணும் வாங்காதீங்க. நான் வாங்கித் தரேன். முதல் சம்பளத்துல உங்களுக்கு என்ன செய்யறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அலாய் வீல் போட்டுடலாம். பதினஞ்சு இஞ்ச். கறுப்புக் கலர். வண்டி புதுசு மாதிரி ஆயிடும்."

அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஐந்து கால்கள் விரிந்து, நடுவில் கறுப்பும் ஓரத்தில் வெள்ளியும். எங்கள் சான்ட்ரோவின் உயரமான முதுகுக்குக் கீழே அதை வைத்துப் பார்த்தால், வேட்டி கட்டிய ஆள் பூட்ஸ் போட்டதுபோல இருந்தது என்பது வேறு விஷயம்.

வேண்டாம் என்று உடனே சொல்ல வாய் வரவில்லை. முதல் சம்பளம். என் முதல் சம்பளத்தில் என் அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சால்வையை, "எனக்கெதுக்குடா இது, காசைக் கரியாக்கிட்டு" என்று அவர் அலமாரியில் வைத்துப் பூட்டியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. போர்த்தாமலே போய்ச் சேர்ந்தார். அதனால், "யோசிச்சுச் சொல்றேன்டா" என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டால் குமாஸ்தாவுக்கு ஒரு கோப்பு வேண்டும். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தைத் தைத்து ஒன்று திறந்தேன்.

முதலில் டயரில் எழுதியிருப்பதைப் படித்தேன். 155/70 R13. பதினாறு ஆண்டாக அந்த எண்ணோடு வாழ்ந்திருக்கிறேன். அதற்குப் பொருள் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 13 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும்! நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் கணக்கு வாத்தியார் விடையில் அலகு எழுதாவிட்டால் சுழியம் போடுவார். அலகைக் கலந்து எழுதினால் நோட்டையே தூக்கி எறிவார். இந்த எண்ணைப் பார்த்திருந்தால் டயரையே எறிந்திருப்பார்.

நடுவில் உள்ள R மட்டும் அவருக்குப் பிடித்திருக்கும். ரேடியல். உள்நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடாமல், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் டயர். 1946இல் பிரான்சின் மிஷ்லின் கம்பெனி காப்புரிமை வாங்கிய கண்டுபிடிப்பு. அதே கம்பெனி 1975இல் இந்த அங்குலத்தையும் ஒழித்துவிடலாம் என்று பார்த்தது. டி.ஆர்.எக்ஸ். என்று ஒரு டயர். அதற்கு டிஸ்க்கும் மில்லிமீட்டரில், 390 என்பதுபோல. வேறு டயர் அந்த டிஸ்க்கில் உட்காராது. அந்த டயர் வேறு டிஸ்க்கில் உட்காராது. சில ஆண்டில் உலகம் அதைக் கைவிட்டது. அங்குலமே ஜெயித்தது. தசம முறையைத் தந்த நாட்டுக்கு வந்த தோல்வி என்று எனக்குச் சின்ன வருத்தம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 13 அங்குலம் என்றால் 330.2 மி.மீ. பக்கச்சுவர் 155இல் 70 சதவீதம், 108.5. மேலும் கீழும் இரண்டு சுவர், 217. ஆக, காற்றடித்த முழுச் சக்கரத்தின் உயரம் 547.2 மி.மீ. டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், ஆனால் இந்த மொத்த உயரம் பெரிதாக மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும் என்று வைத்துத்தானே அது வேகத்தைக் காட்டுகிறது. சக்கரம் 5 சதவீதம் வளர்ந்தால், முள் 80 காட்டும்போது வண்டி 84இல் ஓடும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாகவே ஏறும். இன்ஜினுக்கும் சுமை கூடும், கியரை ஒரு படி கூட்டிப் போட்டதுபோல. உரச இடமில்லாவிட்டால், திருப்பத்தில் டயர் மட்காட்டில் தேய்க்கும்.

இதையெல்லாம் எழுதி, "உன் பதினஞ்சு இஞ்ச் போட்டா வண்டி உயரம் மாறிடும்" என்று பேரனிடம் சொன்னேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவன் அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

"தாத்தா, 195/45 R15 போட்டா மொத்தம் 556.5 வருது. பழசை விட ஒன்றே முக்கால் சதவீதம்கூட இல்ல. எடை தாங்குற நம்பரும் பழசை விட அதிகம். சரியா?"

போட்டுப் பார்த்தேன். 381, கூட்டல் இரண்டு முறை 87.75. சரிதான். பழைய டயரில் 75 என்று இருக்கிறது. ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்று பொருள். அவன் சொன்னது அதற்கு மேல். பையன் கணக்கில் கெட்டிக்காரன். அது என் பக்கத்து ரத்தம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த 87.75ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழையது 108.5. டிஸ்க் பெரிதாகிறது, மொத்த உயரம் மாறவில்லை என்றால், நடுவில் எது குறைகிறது? ரப்பர்தான். இரண்டு சென்டிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு. பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கிக் கொடுப்பது அந்தச் சுவரும் அதற்குள் உள்ள காற்றும்தான். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். அந்த இரண்டு சென்டிமீட்டர் என் மனைவியின் முதுகுக்கும் சாலைக்கும் நடுவில் இருப்பது.

"அந்தக் காலத்து அம்பாசடர்லயே பதினஞ்சு இஞ்ச் டிஸ்க்தானே தாத்தா? அதுல ஏறினா ஊஞ்சல் மாதிரி இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?" என்று கேட்டான். உண்மைதான். எங்கள் அலுவலக அம்பாசடருக்கு 5.90-15 டயர். ஆனால் அந்த டயர் சோற்றுப் பானை மாதிரி உப்பி இருக்கும். டிஸ்க் பெரிது என்பது குற்றமில்லை. அதைச் சுற்றி ரப்பர் மெலிவது குற்றம். இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "ஊர்ல எல்லாரும் போட்டிருக்காங்க தாத்தா" என்றான்.

எல்லாரும் எந்த ஊரில் ஓட்டுகிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. எங்கள் அரியலூர் மாவட்டம் சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்பு கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டு ஆகிறது. வயலில் கிடைக்கும் அம்மோனைட் என்ற கல்நத்தையைப் பார்த்தால், சுருண்ட சக்கரம் மாதிரியே இருக்கும். கல் இருக்கும் இடத்தில் ஆலை, ஆலை இருக்கும் இடத்தில் லாரி. கீழப்பழுவூர் பக்கம் நின்று பார்த்தால், எண்ணி முடியாது. சாலை புதிதாகப் போட்ட ஆறு மாதம் அழகாக இருக்கும். பிறகு மழை ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். ஓசூரில் நான்குவழிச் சாலையில் ஓடும் சக்கரமும் இங்கே ஓடும் சக்கரமும் ஒன்றாக இருக்க முடியாது.

திருமானூரில் என் மைத்துனர் மகனிடமும் இதே சான்ட்ரோதான். அவன் போன வருஷமே பதினைந்து அங்குல அலாய் போட்டுவிட்டான். டயரும் பேரன் சொன்ன அதே அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அடைக்கல மாதா கோயில் வாசலில் அவனைப் பார்த்தபோது, விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன மாமா, அத்தையை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வருவோம். அவங்களே சொல்லட்டும்."

நான் அவளைக் கூட்டிப் போக விரும்பவில்லை. அவள்தான், "பரவாயில்ல, வரேன். நீங்க ரெண்டு பேரும் போன்ல கத்தறதை விட இது மேல்" என்றாள். திருமானூர் வரை போய்த் திரும்புவது என்று முடிவு. நான் முன்னால், அவள் பின்னால். வண்டி நல்ல சாலையில் ஓடியபோது உண்மையைச் சொல்ல வேண்டும்: பிரமாதம். திருப்பத்தில் சாயவில்லை. ஸ்டீரிங் சொன்னதைக் கேட்டது. எங்கள் வண்டி திருப்பத்தில் படகு மாதிரி ஒருபக்கம் சாய்ந்துதான் நிமிரும். மருமகன் பெருமையாக என்னைப் பார்த்தான். நானும் தலையாட்டினேன்.

முதல் வேகத்தடை வந்தது. மெதுவாகத்தான் ஏற்றினான். ஆனாலும் சக்கரம் இறங்கிய சத்தம் இருக்கைக்கு அடியில் கேட்டது. அடுத்து ஒட்டுப்போட்ட சாலை. ஒவ்வொரு ஒட்டும் தனித்தனியாகத் தெரிந்தது, எண்ணலாம்போல. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். முகம் சாதாரணமாக இருந்தது. கைதான் வேலை செய்தது.

இறங்கியதும் மருமகன், "எப்படி அத்தை இருந்துச்சு?" என்றான்.

"வண்டி ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள்.

அன்று இரவு பேரனிடம் நான் பேசிய விதம் சரியில்லை. கோப்பில் இருந்ததையெல்லாம் வரிசையாக வாசித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வரை போனேன். கம்பெனி வகுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லும் பிரிவு அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. டிஸ்க்கின் அளவு எங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இல்லைதான். ஆனால் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சக்கரத்தோடு ஆய்வுக்குப் போனால், பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் அவனிடம் அடுக்கினேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி தாத்தா. நீங்க பழைய மாதிரியே இரும்பு டிஸ்க்கே போட்டுக்குங்க" என்று வைத்துவிட்டான். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். சால்வை அலமாரிக்குள் போனபோது என்னிடமிருந்து வந்த குரல்.

அவள் படுக்கையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அவனுக்குச் சட்டமா சொல்றது? கை வலிச்சுதுன்னு சொல்ல வேண்டியதுதானே."

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க பாத்துக்கிட்டுதானே வந்தீங்க." சற்று நேரம் கழித்து, "பதிமூணும் பதினஞ்சும்தான் இருக்கா? நடுவுல ஒண்ணு இருக்கே" என்றாள்.

பதினான்கு. கோப்பில் ஒரு பக்கம்கூட அதற்கு நான் ஒதுக்கியிருக்கவில்லை. எதிர்த்தரப்பின் மனுவுக்குப் பதில் எழுதுவதிலேயே மூழ்கிவிட்டால் இப்படித்தான்.

மறுநாள் உட்கார்ந்து போட்டேன். 165/60 R14 என்றால் மொத்தம் 553.6, சுவர் 99. 155/65 R14 என்றால் மொத்தம் 557.1, சுவர் 100.75. இரண்டாவதில் அகலம் பழைய அகலமேதான். எங்கும் உரசாது. சுவரில் இழப்பது எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே. முள் 80 காட்டும்போது வண்டி 81½. எடை எண்ணும் அதே 75. பேரனுக்குக் கணக்கை மட்டும் அனுப்பினேன். கூடவே, "ஆயாவுக்குக் கை வலித்தது" என்று ஒரு வரி. அந்த வரிக்கு ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "முதல்லயே சொல்லக் கூடாதா தாத்தா. சனிக்கிழமை வரேன்."

சனிக்கிழமை திருச்சிக்குப் போனோம். அலாய் சக்கரங்களைச் சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கும் கடை. இங்கேதான் தெரிந்தது, விட்டம் ஒன்றை முடிவு செய்தால் கால்பங்கு வேலைதான் முடிந்திருக்கிறது என்று. நட்டுத் துளைகள் எத்தனை, அவை எந்த வட்டத்தில் இருக்கின்றன என்பது முதல் கேள்வி. சான்ட்ரோவுக்கு நான்கு துளை, 100 மி.மீ. வட்டம். பழைய மாருதி 800க்கும் நான்குதான். ஆனால் வட்டம் 114.3. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மாட்டினால் ஏறாது. அடுத்தது நடுத்துளை, எங்கள் வண்டிக்கு 54.1. அடுத்தது ET என்று போட்டு ஓர் எண். ஜெர்மன் மொழிச் சொல்லின் சுருக்கம். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்கும் ஸ்டீரிங்குக்கும் வேலை கூடும். அப்புறம் J. விளிம்பின் வடிவத்துக்கான எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் அகலம்.

எங்கள் ஊரில் இருந்து தமிழ் எழுதிய வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டேன். இத்தாலியில் பிறந்து, இந்த ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பாடியவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியும்படி எழுத்தைத் திருத்தியவர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு சின்னக் கோடு மாறினால் பொருள் மாறும் என்பதை வெளியூர்க்காரர்தான் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் பின்பக்கத்து எழுத்துகளை வாசலில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தபோது கடைப் பையன்கள் சிரித்தார்கள்.

பேரனுக்குப் பிடித்த கறுப்பு மாடல் பதினான்கிலும் இருந்தது. ஆனால் 6J. ஆறு அங்குல அகல விளிம்பில் 155 டயரை மாட்டினால், ரப்பர் இருபக்கமும் இழுபட்டு நிற்கும்; விளிம்பைக் காக்கும் உதடு இல்லாமல் போகும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், எல்லாரும் போடறாங்க" என்றார் கடைக்காரர். 'எல்லாரும்' மறுபடியும் வந்துவிட்டார்கள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பேரன், "வேணாம்ணே, 5J இருந்தாக் காட்டுங்க" என்றான். உள்ளேயிருந்து ஒன்று வந்தது. கறுப்பு இல்லை; சாதாரண வெள்ளி நிறம், எட்டுக் கால். துளை வட்டமும் ET எண்ணும் எங்களுக்குப் பொருந்தின. பின்பக்கம் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தாங்கும் எடையும் வார்ப்பிலேயே இருந்தன. முத்திரை இல்லாத ஒன்று அதே சாயலில் பாதி விலைக்கும் இருந்தது. அதை நான் தொடவில்லை. இரும்பு வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டால், அது முன்கூட்டிச் சொல்லிவிட்டு உடையாது.

அலாய் என்றால் லேசு என்பார்கள். எடை போடும் தராசைக் கேட்டு வாங்கி, டயர் கழற்றிய எங்கள் பழைய இரும்பு டிஸ்க்கை வைத்தேன்: 5.9 கிலோ. புது அலாய்: 6.3. பேரன் கேட்ட பதினைந்து அங்குலத்தையும் சும்மா வைத்துப் பார்த்தோம்: 8 கிலோவுக்கு மேல். கம்பெனி அளவிலேயே நல்ல அலாய் போட்டால் எடை குறையலாம். பெரிதாக்கிக்கொண்டே போனால் லேசு என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. பேரன் முகம் கொஞ்சம் வாடியது. அவனைத் தேற்ற, இந்த அலுமினியச் சக்கரம் உன் காலத்து நாகரிகம் இல்லை, 1924இலேயே பூகாட்டி என்ற பிரெஞ்சுப் பந்தயக் கார் லியோனில் வார்ப்பு அலுமினியச் சக்கரத்தோடு இறங்கியது என்று சொன்னேன். "ஜெயிச்சுதா தாத்தா?" என்றான். "அன்னைக்கு இல்ல. டயர் தொல்லை கொடுத்துடுச்சு" என்றேன். கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தோம். பிறகு அந்தக் கார் வென்ற பந்தயங்களுக்குக் கணக்கில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

நான்கு அலாய் 24,000 ரூபாய். பேரன் கொடுத்தான். டயர் நான்கும் என் ஓய்வூதியத்தில். அதற்கு மட்டும் அவனை ஒப்புக்கொள்ள வைத்தேன். எங்கள் பக்கத்துப் பெரம்பலூர் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை இருப்பதால் அந்த டயரே என்று கேட்டு வாங்கினேன். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்யும் இடம்.

வேலை அதோடு முடியவில்லை. திரும்பும்போது எழுபதைத் தாண்டியதும் ஸ்டீரிங் நடுங்கியது. பேலன்சிங் சரியில்லை என்று நினைத்து மறுவாரம் உள்ளூரில் பார்க்கச் சொன்னால், பேலன்சிங்கில் குறையில்லை. பஞ்சர் கடைத் தம்பிதான் சக்கரத்தைக் கழற்றி நடுத்துளையில் விரலை விட்டுக் காட்டினான். கடை அலாய் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். வண்டியின் ஹப்புக்கும் அதற்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடவில்லை. சக்கரம் நட்டை மட்டும் நம்பி, ஒரு மயிரிழை விலகி உட்கார்ந்திருந்தது. வெளிப்பக்கம் சக்கரத்தின் துளை அளவு, உள்பக்கம் 54.1 என்று நான்கு வளையம் பேரன் வரவழைத்து அனுப்பினான். மொத்தமே சில நூறு ரூபாய். போட்டதும் நடுக்கம் போய்விட்டது. 24,000 ரூபாய்ச் சக்கரம் வாங்குகிறவர்கள் இந்த வளையத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டெப்னி மட்டும் பழைய பதின்மூன்று அங்குல இரும்பு டிஸ்க்கேதான். உயரத்தில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். பஞ்சர் ஆனால் கடைவரை மெதுவாக ஓட்டிப் போகப் போதும். ஆனால் அலாய்க்கு வந்த நட்டு வேறு, இரும்புக்கு இருந்த நட்டு வேறு. நட்டின் முகம் மாறினால் இறுக்கம் நிற்காது. அதனால் பழைய நட்டு நான்கையும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு வைத்திருக்கிறேன். பைமேல் "இரும்புக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அரசாங்கப் பழக்கம்.

போன மாதம் தஞ்சாவூர் போய்த் திரும்பினோம். அதே திருமானூர்த் திருப்பம். பள்ளத்தில் சரளை கொட்டி நிரவியிருந்தார்கள். ஆனாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஏற்றினேன். இந்த முறை கண்ணாடியில் அவள் கையைப் பார்க்க முடியவில்லை. இருட்டு. வீட்டு வாசலில் நிறுத்தும்போது பேரன் கூப்பிட்டான்.

"தாத்தா, வளையம் போட்டப்புறம் எண்பதுல போனீங்களா? நடுக்கம் இருக்கா? காத்து எவ்வளவு வெச்சீங்க?"

"முப்பது வெச்சேன். நடுக்கம் இல்ல."

"ஆயாகிட்ட குடுங்க, நான் கேக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். கதவில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி இருந்தாள். மடியில் மருந்துப் பை.

"அப்புறம் பேசுடா" என்று மெதுவாகச் சொன்னேன். "தூங்கறா."